முதல் கியரில் நடந்த விபத்து: ஒரு பிக்கப் வண்டியின் முகப்பைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை இயக்கி" என்கிறது முதல் தகவல் அறிக்கை. வண்டி நகர்ந்த மொத்தத் தூரம் இரண்டரை மீட்டரைத் தாண்டாது. நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் புறப்பட்டது, இரண்டாவது கியருக்குப் போகும் முன்பே நின்றுவிட்டது. சந்தைக்கு நடந்து போகிறவரின் வேகத்தைக்கூட அது எட்டியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அறிக்கையில் அதிவேகம் இருக்கிறது. எல்லா அறிக்கையிலும் அந்த வாசகம் இருப்பதால் இதிலும் இருக்கிறது.

நிகழ்ந்த இடம் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகும் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய சந்திப்பு. சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் ஊரின் பெயரை எழுதவில்லை. அடிபட்டவர் அறுபது வயதைக் கடந்த மீன் வியாபாரி. இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன, உயிர் பிழைத்தார். இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்த வழக்கறிஞர், வண்டியை ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார். பல ஆண்டுகள் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி இல்லை. டேப்பும் நூலும் எடுத்துக்கொண்டு போனேன்.

நடந்தது

தென்மேற்குப் பருவமழைச் சாரல் விட்டுவிட்டுப் பெய்த காலை. பழக்கடை ஒன்றின் முன்னால் பிக்கப் நின்றுகொண்டிருந்தது. ஏத்தன் வாழைக்குலைகள் பாதி இந்தக் கடைக்கு, மீதி அடுத்த ஊர்க் கடைக்கு. இங்கே இறக்க வேண்டியதை இறக்கி முடித்து, கிளீனர் பின்கதவைத் தூக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் கடைக்காரரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினார்.

மீன் விற்கும் அம்மா வழக்கமாக இருப்பது எதிர்ப்புற மரத்தடியில். சாரல் வலுத்ததும் அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, பழக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே வந்தார். நடைபாதை என்று அங்கே எதுவும் இல்லை; ஓடையை மூடிய கான்கிரீட் பலகையில் ஒன்று உடைந்து கிடந்ததால் அதன்மேல் சட்டியை வைக்க முடியாது. மிச்சமிருந்த இடம் வண்டியின் மூக்குக்கு முன்னால்தான். அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, சட்டியின் மேல் பாலித்தீன் தாளை இழுத்து மூடினார். "வண்டிக்குள் ஆள் இல்லை என்று நினைத்துத்தான் மக்களே அங்கே இருந்தேன்" என்று என்னிடம் சொன்னார்.

கிளீனர் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். இந்தத் தட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பின்கதவு பூட்டியாகிவிட்டது, பின்னால் ஆள் இல்லை என்பதுதான் அதன் பொருள். பின்பக்கம் நிற்கிறவரால் அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. ஓட்டுகிறவர் காதில் அது 'புறப்படலாம்' என்று விழுகிறது. லோடு வண்டித் தொழிலில் இந்தச் சைகையை மாற்றிச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. டிரைவர் வலது கண்ணாடியைப் பார்த்தார், சாலையில் பஸ் வருகிறதா என்று பார்த்தார், கிளட்சை விட்டார். சட்டி நசுங்கும் சத்தமும் கடைக்காரரின் கூச்சலும் ஒன்றாகக் கேட்டு பிரேக்கை மிதித்தார். அதற்குள் வண்டியின் முன்கம்பி மீன்காரம்மாவைத் தோளில் தள்ளிச் சாய்த்திருந்தது. இடது சக்கரம் காலில் ஏறியிருந்தது.

டிரைவர் குடித்திருக்கவில்லை. கைப்பேசியில் பேசவில்லை, கடையின் கேமராப் பதிவில் அது தெளிவாகவே இருக்கிறது. "முன்னால் யாரும் இல்லை சார்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதைப் பொய் என்று எல்லோரும் நினைத்தார்கள். அளந்து பார்த்த பிறகு, அவர் தன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

அளந்தது

வண்டி பானெட் உள்ள, ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றும் வகை. பானெட்டின் முன்விளிம்பு தரையிலிருந்து 108 செ.மீ. அதற்கு முன்னால், ஒர்க்‌ஷாப்பில் வைத்து, கனமான இரும்புக் குழாயில் ஒரு கம்பிக்கூண்டு பொருத்தியிருந்தார்கள். அதன் மேல்குழாய் 122 செ.மீ. உயரத்தில் இருந்தது. வெறும் குழாய் என்றால் இடுக்கு வழியாகவாவது ஏதாவது தெரியும். இதில் குழாய்களுக்கு நடுவே வண்டியின் பெயர் எழுதிய தகடும், வரிசையாக நான்கு விளக்குகளும் முடுக்கப்பட்டிருந்தன. போதாததற்கு டாஷ்போர்டின் இடதுபக்கம் மாதா சொரூபம், பிளாஸ்டிக் பூக்கள், சுங்கச்சாவடிச் சீட்டுகள் எல்லாம் குவிந்திருந்தன.

டிரைவர் உயரமானவர் அல்ல. இருக்கையின் ஸ்பாஞ்சும் அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. அவர் உட்கார்ந்தபோது கண் இருந்த உயரம் 160 செ.மீ. கண்ணிலிருந்து முன்கம்பிவரை கிடைமட்டத் தூரம் 195 செ.மீ. கண்ணருகே நூலைப் பிடித்து, கம்பியின் மேல்குழாயைத் தொட்டு நேராக இழுத்தால், அது தரையைத் தொடும் இடம் கம்பிக்கு முன்னால் ஆறு மீட்டருக்கும் அப்பால். அதற்கு உட்பட்ட தரை முழுவதும் டிரைவருக்கு இல்லாத தரை.

தரை தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆள் தெரிவாரா என்பதுதான் கேள்வி. குத்தவைத்து உட்கார்ந்தவரின் உச்சந்தலை தரையிலிருந்து 85 செ.மீ. இருக்கும். ஒர்க்‌ஷாப் பையன் ஒருவனை உட்காரவைத்துப் பார்த்தோம். கம்பியிலிருந்து ஏறத்தாழ 1.9 மீட்டர் தள்ளிப் போகும்வரை அவன் தலைமுடிகூடத் தெரியவில்லை. மீன்காரம்மா இருந்தது ஒன்றரை மீட்டருக்குள். அந்த இடத்தில் பார்வைக்கோடு சுமார் 93 செ.மீ. உயரத்தில் போகிறது, அவருடைய தலை அதற்கு எட்டு சென்டிமீட்டர் கீழே.

இனி அந்தக் கம்பிக்கூண்டு இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். பார்வையை மறைப்பது பானெட் விளிம்பு மட்டும். அதே இடத்தில் பார்வைக்கோடு 60 செ.மீ. உயரத்துக்கு இறங்குகிறது. தலையும் தோளும் டிரைவருக்குத் தெரிந்திருக்கும். டாஷ்போர்டில் மாதா இருந்தாலும் தெரிந்திருக்கும்.

இருக்கையில் ஒரு தலையணை போட்டிருந்தால் போதாதா என்று வண்டிக்காரர் கேட்டார். நல்ல கேள்வி, அதையும் சோதித்தோம். கண்ணை ஆறு சென்டிமீட்டர் உயர்த்தினால் கோடு 93இலிருந்து 88க்கு இறங்குகிறது. அப்போதும் தலை மறைவில்தான். தலையணையால் கிடைப்பது நான்கைந்து சென்டிமீட்டர். கம்பியைக் கழற்றினால் முப்பதுக்கும் மேல்.

நான் அளந்தது காலி வண்டியை. விபத்து நடந்தபோது பின்னால் பாதி லோடு இருந்தது. பின்புறம் எடை ஏறினால் ஸ்பிரிங் பட்டை தாழ்ந்து வண்டியின் மூக்கு நிமிரும், மறைவுப் பரப்பு இன்னும் நீளும். ஆகவே மேலே சொன்ன எண்கள் டிரைவருக்குக் கருணை காட்டாத எண்கள். உண்மை நிலை அவருக்கு இதைவிடப் பாதகமாகவே இருந்திருக்கும்.

தாளில் ஏறாதது

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையையும் படித்தேன். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, டயர் சரி, விபத்து இயந்திரக் கோளாறால் நிகழ்ந்ததல்ல. ஒவ்வொரு சொல்லும் உண்மை. முன்கம்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இப்படிப்பட்ட கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு முரணானவை, 190, 191 பிரிவுகளின்கீழ் தண்டனைக்குரியவை என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதன்பிறகும் இந்த வண்டி தகுதிச் சான்று வாங்கியிருக்கிறது. சான்று வாங்கப் போகிற அன்று கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டிக்கொள்வது ஊரறிந்த ஏற்பாடு என்பதால், அந்த அலுவலகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். காலி எடை, மொத்த எடை, சக்கர இடைவெளி, இருக்கை எண்ணிக்கை, எஞ்சின் கொள்ளளவு எல்லாம் இருக்கும். முகப்பின் உயரம் இருக்காது. டிரைவர் இருக்கையிலிருந்து எத்தனை அடி தள்ளித் தரை தெரியும் என்பதும் இருக்காது. இயந்திரக் கோளாறு இல்லை என்று ஒரு தாள், ஓட்டியவர் அஜாக்கிரதை என்று இன்னொரு தாள். அஜாக்கிரதையாக ஓட்டியது, கொடுங்காயம் ஏற்படுத்தியது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகளைப் போட்டுக் கோப்பை மூடிவிடலாம். வண்டியின் வடிவம் சாட்சிக் கூண்டுக்கே வராது.

இது ஒரு வழக்கோடு போகிற விஷயமும் அல்ல. இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு மரணங்களில் 71.2 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்கிறது அமைச்சகத்தின் அறிக்கை. அந்த எண்கள் காவல் துறைப் பதிவுகளிலிருந்து திரட்டப்படுபவை. அதிவேகம் கொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து புறப்பட்ட வண்டியும் அதிவேகப் பட்டியலில் சேரும்போது, அந்த 71.2இல் இப்படிப்பட்டவை எத்தனை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வண்டி வளர்ந்த கதை

பிக்கப் பெரிதாகிப்போன கதையை அமெரிக்காவில்தான் அதிகம் பேசுகிறார்கள். காரணம் இருக்கிறது. அங்கே 2009இல் 4,109 பாதசாரிகள் இறந்தார்கள். 2022இல் அது 7,500ஐத் தாண்டியது. காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு அமைப்பு 17,897 விபத்துகளை எடுத்து அலசி, 2023 நவம்பரில் முடிவை வெளியிட்டது. முகப்பு 40 அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 102 செ.மீ.க்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரிமீது மோதினால், 30 அங்குலத்துக்குள் தாழ்ந்து சரிந்த முகப்பு உள்ள காரைவிட உயிர் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த முகப்பு காலில் அடித்து ஆளைப் பானெட்மேல் சரிக்கிறது. உயர்ந்த முகப்பு இடுப்பிலும் நெஞ்சிலும் அடித்துக் கீழே தள்ளுகிறது. கீழே சக்கரம் இருக்கிறது.

அதே அமைப்பின் 2022ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. சாலையைக் கடக்கும் பாதசாரி இறந்த விபத்துகளில், வண்டி இடதுபுறம் திரும்பும்போது மோதியதாக இருக்கும் வாய்ப்பு, கார்களோடு ஒப்பிட்டால் பிக்கப்புகளுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. அவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள். அவர்களுடைய இடதுபுறத் திருப்பம் நமக்கு வலதுபுறத் திருப்பம். முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் ஆளை மறைப்பது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

அந்த நாட்டில் வண்டி வளர்ந்தது சுமைக்காக அல்ல. ஃபோர்டு எஃப்-150 வண்டியின் முதல் தலைமுறையில் நீளத்தில் 36 சதவீதம் கேபின், 64 சதவீதம் சுமைத் தொட்டி. 2021 மாடலில் அது தலைகீழாகி, கேபின் 63, தொட்டி 37 ஆனது. நம் பக்கத்திலும் அந்த வகை எட்டிப்பார்க்கத் தொடங்கியாயிற்று. 2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் 5,325 மி.மீ. நீளம், 1,855 மி.மீ. அகலம். நாகர்கோவிலில் ஒப்பந்தக்காரர்களும் எஸ்டேட் வைத்திருப்பவர்களும் அந்த ரக வண்டியை வாங்கி, தேங்காய் எண்ணெய் வாங்கவும் அதிலேயே போகிறார்கள். அது அவர்கள் விருப்பம். எண்ணிக்கையில் அது சொற்பம் என்பதால் இங்கே அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில் வளர்ந்தது லோடு பிக்கப். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அது ஏற்றியது 750 கிலோ. 'குட்டியானை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நீளம் 3.8 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், டிரைவர் கிட்டத்தட்ட மூக்கின்மேலேயே உட்கார்ந்திருப்பார். 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்த் 1,250 கிலோ. 2022இல் டாடா யோதா 2.0, அடுத்த ஆண்டு மகிந்திராவின் பொலிரோ மேக்ஸ் வரிசை என்று 2,000 கிலோவரை போயாயிற்று. தொட்டியின் நீளம் பத்து அடி. பானெட் வைத்த பிக்கப் முன்பும் இருந்தது. ஜீப்பின் வழிவந்தது அது. இப்போது அது லாரி செய்துகொண்டிருந்த வேலையைச் செய்கிறது. குளச்சலிலிருந்தும் தேங்காப்பட்டணத்திலிருந்தும் மீன், தோவாளையிலிருந்து பூ, குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட், சூளையிலிருந்து செங்கல், எல்லாம் இதில்தான்.

ஓட்டுவதற்குத் தனி உரிமமும் வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக வாகன உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது. பிழைப்புக்கு ஓட்டுகிற எத்தனையோ பேருக்கு அது நியாயமான தீர்ப்பு. ஆனால் மாருதி காரில் எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவருக்கு, ஆறு மீட்டர் தரை தெரியாத வண்டியில் புறப்படும் முன் ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுப்பது? இந்த வழக்கின் டிரைவர் கார் ஓட்டிக்கொண்டிருந்து இதற்கு மாறியவர்.

சாலையும் உடம்பும்

வண்டி வளர்ந்த அளவுக்குச் சாலை வளரவில்லை, வளரவும் இடமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் மதில், நடுவில் சாலை, சாலை ஓரம் என்று ஒன்று கிடையாது. மதில் இல்லாத இடத்தில் குளமோ வாய்க்காலோ இருக்கும். ஒருவழித் தடச் சாலைக்கு இந்திய நெடுஞ்சாலை அளவு 3.75 மீட்டர். இரண்டு குட்டியானைகள் எதிரெதிரே வந்தால் மிஞ்சுவது 75 செ.மீ. 1.7 மீட்டர் அகலமுள்ள இரண்டு பிக்கப்புகள் வந்தால் 35 செ.மீ.; அதில் பக்கவாட்டுக் கண்ணாடிகள் வேறு நீட்டிக்கொண்டிருக்கும். நடந்து போகிறவர் மதிலோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்த்தாண்டத்துக்கும் பார்வதிபுரத்துக்கும் மேம்பாலம் கிடைத்தது. பாலத்தின்மேல் நெரிசல் குறைந்தது. நான் சொல்கிற விபத்துகள் பாலத்தின்மேல் நடப்பவை அல்ல.

இன்னொன்று, அமெரிக்க ஆய்வின் 102 செ.மீ. கோடு அமெரிக்க உடம்புகளை வைத்துக் கிடைத்தது. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அங்கே இடுப்புக்குச் சற்று மேலே படும் விளிம்பு இங்கே விலா எலும்புக்கு அருகில் வரும். குழந்தைகளைப் பற்றி நினைத்துப் பார்த்தால், 108 செ.மீ. என்பது நான்கைந்து வயதுப் பிள்ளையின் முழு உயரம்.

தடுத்திருக்கக்கூடியவை

டிரைவருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. வண்டியின் முன்னால் ஒரு நடை நடந்துவிட்டு ஏறியிருந்தால் இந்த விபத்து இல்லை. ஆனால் ஒரு நாளில் பல கடைகளில் நிறுத்தி எடுக்கிறவர் ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்வார் என்று நம்பி ஒரு பாதுகாப்பு முறையைக் கட்ட முடியாது. கிளீனர் பின்னால் தட்டுவதற்குப் பதிலாக முன்னால் வந்து கைகாட்டிவிட்டு இடப்பக்கம் ஏறினால், செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரும். முன்விளிம்பைக் காட்டும் ஒரு குவி கண்ணாடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பஸ்களில் எத்தனையோ காலமாக இருப்பதுதான்.

அரசுக்கும் இது தெரியாத விஷயமில்லை. தமிழ்நாடு 2022இல் பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், அதோடு எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயம் என்று விதியைத் திருத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், புதிய கனரக லாரிகளிலும் பஸ்களிலும், புறப்படும்போது முன்னால் ஆள் இருந்தால் எச்சரிக்கும் கருவி இருந்தாக வேண்டும். மூன்றரை டன்னுக்குள் அடங்கும் பிக்கப் அந்த விதியில் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு பயணிகள் கார்களுக்கானது. சரக்கு பிக்கப் அதிலும் இல்லை. காருக்குப் பெரியது, லாரிக்குச் சிறியது என்ற இடுக்கில் இந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போதைய நிலை

உரிமையாளர் கம்பிக்கூண்டை அறுத்து எடுத்துவிட்டார். மனம் மாறி அல்ல. காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும் என்று யாரோ பயமுறுத்தியதால். குவி கண்ணாடியும் மாட்டியிருக்கிறார். டிரைவர் அதே வண்டியை ஓட்டுகிறார். குற்ற வழக்கு நடக்கிறது. மீன் வியாபாரம் செய்த அம்மாவால் இனி குத்தவைத்து உட்கார முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய மகள் இப்போது அதே சந்திப்பில் ஒரு ஸ்டூல் போட்டு, மரத்தடியில் விற்கிறார்.

இழப்பீட்டு மனு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. பார்வைக்கோட்டை வரைந்து, அளவுகளைக் குறித்து நான் கொடுத்த தாளை வழக்கறிஞர் மனுவோடு இணைத்திருக்கிறார். காப்பீட்டு நிறுவனத் தரப்பு அதை ஆட்சேபித்திருக்கிறது: விபத்து நடந்த பல வாரங்களுக்குப் பிறகு அளந்தது, அளந்தவர் அரசு அதிகாரி அல்ல என்று. இரண்டும் சரிதான். விபத்து நடந்த அன்றே அளந்த அரசு அதிகாரி யாரும் இல்லை என்பது எங்கள் தரப்பு வாதம். அடுத்த வாய்தாவில் என்னை விசாரிக்கிறார்கள்.